அரை அடி பின்னால், இடப்பக்கம்

டெபோரா இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று முறை மனைவியைப் பறிகொடுத்திருக்கிறாள். இரண்டு முறை சாராயத்தை விட்டிருக்கிறாள். ஒரு முறை பட்டாளத்தில் இருந்து, பனியில் இரண்டு கால்விரல்களை இழந்து, கர்த்தரை அறிந்து ஊர் திரும்பியிருக்கிறாள். எல்லாம் சித்தூரில், அவளுடைய சபையின் வருடாந்திரக் கூட்டங்களில், மைக்குக்கு முன்னால் நடந்தவை. வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். டெபோரா அதைத் தமிழில் சொல்வாள். அவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "இவருடைய மனைவி இறந்துவிட்டாராம்" என்று சொல்கிற மொழிபெயர்ப்பாளரை அடுத்த வருஷம் கூப்பிடமாட்டார்கள்.

நிற்பதற்கும் முறை உண்டு. பிரசங்கியாருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால். அவர் கையைத் தூக்கினால் இவளும் தூக்க வேண்டும், ஆனால் அவரைவிடக் கொஞ்சம் தாழ்வாக. அவர் பேசும்போது முகத்தை அவர் பக்கம் திருப்பி, இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவள்போல் பார்க்க வேண்டும். டெபோரா இதையெல்லாம் தவறாமல் செய்வாள். அவள் குரல் பந்தலின் கடைசி நாற்காலிவரை போகும். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து பிரசங்கியாரின் கையைப் பிடித்து அழுவார்கள். டெபோரா மைக்கின் வயரைச் சுற்றி வைப்பாள்.

மற்ற நாட்களில் அவள் பௌதிக ஆசிரியை. சித்தூரிலிருந்து வேலூர் போகிற சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறாள். பதினெட்டு வருஷமாக ஒரே பள்ளி. அங்கே அவள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் விரித்து, பாதி கரும்பலகையையும் பாதி சன்னலையும் பார்த்தபடி படித்துக்கொண்டே போவாள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். யாரும் பெயிலானதில்லை. யாரும் கேள்வி கேட்டதும் இல்லை.

போன ஜூலையில் எட்டாம் வகுப்புச் சுவரில் பெரிய டிவி மாட்டினார்கள். தொட்டால் வேலை செய்கிற டிவி. அதில் எல்லாப் பாடங்களுக்கும் வீடியோ இருந்தது, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும். பள்ளிக்கென்று கொடுத்த இன்டர்நெட் தலைமையாசிரியர் அறைக் கதவோடு நின்றுவிட்டதால், டெபோரா தன் சொந்தப் போனைத் திறந்து டிவிக்கு நெட் கொடுத்தாள். அதே போனிலிருந்து வீடியோவை ஓட்டவும் நிறுத்தவும் முடிந்தது.

முதல் நாள் திரையில் ஒருவர் வந்தார். நீலச் சட்டை, நன்றாக வாரிய தலை, விஜயவாடாப் பக்கத்துத் தெலுங்கு. "பீடனம்" என்று ஆரம்பித்தார். பதினோரு பிள்ளைகளும் அவரைப் பார்த்தார்கள். கடையில் பேசுகிற தெலுங்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இது வேறு தெலுங்கு.

டெபோரா யோசித்துச் செய்யவில்லை. வீடியோவை நிறுத்தினாள். டிவிக்கு இடப்பக்கம், சன்னலை ஒட்டி, அரை அடி பின்னால் போய் நின்றாள்.

"பிரியமான பிள்ளைகளே," என்றாள், "நான் இன்று உங்களுக்கு அழுத்தத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன்."

கடைசி பெஞ்சில் சீனு நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். நீலச் சட்டைக்காரர் ஒரு வாக்கியம் சொல்வார். டெபோரா போனைத் தட்டி நிறுத்துவாள். அவர் கை எங்கே நின்றதோ அங்கே தன் கையை வைத்து அதைத் தமிழில் சொல்வாள். பிள்ளைகள் அவளைப் பார்க்கமாட்டார்கள், திரையில் வாயைப் பாதி திறந்து நின்றுபோனவரைத்தான் பார்ப்பார்கள். அது அவளுக்குப் பெரிய நிம்மதி. பதினோரு ஜோடிக் கண்கள் தன்மேல் இல்லாதபோது தனக்கு இவ்வளவு தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் அவருக்கு ப்ளூ சார் என்று பெயர் வைத்தார்கள்.

ஆகஸ்டு வாக்கில் ப்ளூ சார் ஒன்று சொன்னால் டெபோரா மூன்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவர் கத்தி என்பார். டெபோரா கத்தியைச் சொல்லிவிட்டு, அப்படியே மூச்சு விடாமல், "நான் தினமும் வேலூர் பஸ்ஸில் வருகிறேன்" என்று தொடர்வாள். உராய்வு பாடத்தில் ப்ளூ சார் மழை நாளில் மிஷன் காம்பவுண்ட் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். வெப்பம் பாடத்தில் அவருடைய மாமியாருக்குச் சர்க்கரை இருந்தது, சூடு பட்டால் புண் ஆறாதென்று காபியைக் குண்டாவிலிருந்து டம்ளருக்கு மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒலி பாடத்தில் அவர் சின்ன வயதில் கிணற்றுக்குள் தன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தார், திரும்பி வந்த குரல் தன்னுடையது மாதிரி இல்லை என்று பயந்து வீட்டுக்கு ஓடினார். திரையில் ப்ளூ சார் இதற்கெல்லாம் மறுப்புச் சொல்லாமல் புன்னகைத்தபடி நின்றார்.

ஜனவரியில் தலைமையாசிரியர் எத்திராஜ் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு தாள் இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, உங்க கிளாசுல டிவி ஏழு நிமிஷம்தான் ஓடுதாம்."

"முழு பீரியடும் ஓட்டறேன் சார்."

"மிஷின் அப்பிடி சொல்லலியே. ஏழு நிமிஷம் வீடியோ, ஏழு நிமிஷம்தான் கணக்கு. நடுவுல நிறுத்திட்டு நீங்க பேசறது எதுலயும் ஏறாது. ஷோபா டீச்சரப் பாருங்க, இங்கிலீஷ் செக்‌ஷன், நாப்பத்திநாலு நிமிஷம். ஆறு வீடியோவ வரிசையா உட்டுட்டு நோட்டு திருத்திக்கினு இருக்காங்க. மண்டலத்துலயே முதலிடம்."

டெபோரா தாளைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு, தமிழ், என்ற வரி சிவப்பாக இருந்தது.

"விஷயம் அது இல்ல," என்றார் எத்திராஜ். "தமிழ் செக்‌ஷன்ல யாரும் வீடியோ பாக்கறதில்ல, தமிழ்ல வீடியோவும் இல்ல, அதனால ஜூன்ல இருந்து எட்டாவத இங்கிலீஷோட சேக்கலாம்னு மேலாபீசுல எழுதியிருக்கான். இல்லாதத எப்பிடிய்யா பாக்கறதுன்னு கேட்டேன். அதத்தான சார் நாங்களும் சொல்றோங்கறான்."

"சேத்தா?"

"சேத்தா உங்க யாமினி, சீனு எல்லாம் அங்க போய் உக்காந்து வாயத் தொறக்காதுங்க. பாதி நின்னுடும். உங்கள எங்க போடுவான்னு தெரியாது. குடுபல்லில ஒரு எடம் காலியாம். மூணு பஸ்ஸு மாறணும்." அவர் தாளை மடித்தார். "ஒரு வழி குடுத்திருக்கான். தமிழ் டீச்சர் ஒரு பாடத்த தானே நடத்தி வீடியோ புடிச்சி ஏத்தணும். திருப்பதில புடிக்கறாங்க, சனிக்கெழமதான் கடைசி. அத ஒத்துக்கினு, நம்ம கிளாசுல ஒரு தபா முழுசா ஓட்டி, பச்ச டிக்கு வந்துட்டா செக்‌ஷன் நிக்கும்."

"தானேன்னா?"

"தானேன்னா தானேதான். நீங்க பேசணும். ப்ளூ சாரு இல்லாம."

அவருக்கும் ப்ளூ சாரைத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தபின் யாமினி மட்டும் போகாமல் நின்றாள். மற்றவர்கள் பதில் எழுதும் இடத்தில் ஓரமாகச் சந்தேகம் எழுதுகிற பெண். பையை முதுகில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? ப்ளூ சாரு வேலூர் பஸ்லயா வர்றாரு?"

டெபோரா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கை அங்கேயே நின்றது.

"எங்க நைனா போன்ல அந்த வீடியோவ பாத்தேன் டீச்சர். மூணு தபா. அவரு கத்தி பத்தி சொல்றாரு, ஒட்டகம் பத்தி சொல்றாரு. பஸ்ஸே வர்ல."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். மாமியாருக்கு சக்கரன்னு சொன்னப்பவே சீனு கண்டுபுட்சிட்டான். படிக்கட்டுல உழுந்தது அவருன்னீங்க, நீங்க நொண்டிக்கினு வந்தீங்க."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சீனு சொன்னான்." யாமினி பையின் வாரை முறுக்கினாள். "நீங்க அவரா இருந்தா நல்லா சொல்றீங்க டீச்சர். நீங்களா சொன்னா புக்கு படிக்கிறீங்க."

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்பதுபோல் சொன்னாள். சொல்லிவிட்டு, வந்த வேலை முடிந்ததென்று ஓடிப்போனாள்.

அன்று பஸ்ஸில் டெபோராவுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிற ஒருவர் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல் முழங்கையை வைத்தார். அவள் வழக்கம்போல் சன்னல் பக்கம் நகர்ந்தாள். பொய் சொன்னோமா என்று யோசித்தாள். பிரசங்கியார் மோசேயையும் ஆபிரகாமையும் மாற்றிச் சொன்னால் மொழிபெயர்ப்பில் திருத்திச் சொல்வது உண்டு. அது பொய்யாகாது. ஆனால் இது திருத்தியது இல்லை. கிணற்றைப் பற்றி அவள் இஸ்ரேலிடம்கூடச் சொன்னதில்லை. இருபது வருஷம் கூடவே இருக்கிற கணவனிடம் சொல்லாததை, விஜயவாடாவில் யாரோ ஒருவர் சொன்னதாகப் பதினோரு பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பதினோரு பேரும் அது அவள்தான் என்று தெரிந்தே, அவள் கூச்சப்படக் கூடாதென்று, அந்த மனிதரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஆறு மாதமாக.

வீட்டில் மாமியார் மேரியும் கணவன் இஸ்ரேலும் ஒரு பழைய வருத்தத்தில் நேராகப் பேசிக்கொள்வதில்லை. ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

"அவன் துன்னானா இல்லையான்னு கேளு," என்றாள் மேரி.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் டெபோரா.

"ஆச்சுன்னு சொல்லு," என்றான் இஸ்ரேல்.

"ஆச்சாம்," என்றாள் டெபோரா. பிறகு, "நாளைக்கு நான் திருப்பதி போறேன்," என்றாள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதை யார் சொல்லச் சொன்னது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

திருப்பதியில் ஒரு பயிற்சிக் கல்லூரியின் மாடியறையை இதற்காக எடுத்திருந்தார்கள். மோகன்ராஜ் என்பவர் கேமராவோடு இருந்தார். புத்தூர்க்காரர், முகூர்த்த நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பவர். மேற்பார்வைக்கு நாகபூஷணம் என்ற தெலுங்கு ஆசிரியர், ஓய்வு பெற்றபின் மறுபடி வேலைக்கு வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றரைக்கு ரேணிகுண்டா ஸ்டேஷனில் சம்பந்தியை அழைக்கப் போக வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார்.

தரையில் வெள்ளை டேப்பால் பெருக்கல் குறி போட்டிருந்தது. டெபோரா அதற்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நின்றாள்.

"மேடம், மார்க்கு மேல நில்லுங்க," என்றார் மோகன்ராஜ்.

நின்றாள். எழுதி வைத்திருந்த எட்டுப் பக்கத்தில் முதல் பக்கத்தை ஆரம்பித்தாள். "அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசையாகும்."

"மேடம், இன்னோரு தபா. எழவு சேதி சொல்றாப்ல இருக்குது."

இரண்டாவது முறை குரல் கேட்கவில்லை. மூன்றாவது முறை கேட்டது, ஆனால் வாக்கியத்தின் பாதியில் அவள் படத்தைவிட்டு வெளியே போயிருந்தாள்.

"நீங்க பேசப் பேச நவுந்துக்கினே போறீங்க மேடம். யாருக்கு எடம் உடறீங்க?"

டெபோரா கீழே பார்த்தாள். குறி வலப்பக்கம் தனியாகக் கிடந்தது. நகர்ந்தது அவளுக்குத் தெரியவேயில்லை. கேமராவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தால் அடுத்த வாக்கியம் மறந்தது. அங்கே யாரும் இல்லாதது காரணம் இல்லை, அவள் பக்கத்தில் யாரும் இல்லாததுதான். பந்தலில் ஆயிரம் பேர் முன்னால் ஒரு நாளும் வராத பயம் இந்த அறையில் இரண்டு பேர் முன்னால் வந்தது. இது வேலையைப் பற்றிய பயம்கூட இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. குடுபல்லிக்கு மூன்று பஸ் மாறிப் போய்விடலாம். அங்கேயும் புத்தகம் படிக்கலாம். யாமினி ஆங்கிலப் பிரிவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதையும் கேட்காமல் எழுதிக்கொண்டு போகிற காட்சிதான் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்றது. அந்தப் பெண்ணை அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளே அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்பதாவது முறை முடிந்தபோது மணி இரண்டே முக்கால்.

"கல்யாணப் பொண்ணுங்ககூட இதவிட நல்லா பேசும் மேடம்," என்றார் மோகன்ராஜ், கோபமில்லாமல்.

நாகபூஷணம் வேட்டியை இறக்கிவிட்டார். "அம்மா, டைம் அயிப்போயிந்தி," என்றார். நேரம் போய்விட்டதாம். எழுந்து செருப்பைத் தேடினார்.

"சார்," என்றாள் டெபோரா. "நீங்க கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க."

"நேனா?"

"இந்தக் குறி மேல. தெலுங்குல எதாவது சொல்லுங்க. ஒரு வாக்கியம் சொல்லிட்டு நிறுத்துங்க, நான் சொன்னப்புறம் அடுத்தது."

"ஏமி செப்பாலம்மா?"

"எது வேணாலும் சார்."

அவர் மோகன்ராஜைப் பார்த்தார். மோகன்ராஜ் கேமராவை டெபோரா பக்கம் திருப்பி, நாகபூஷணம் படத்தில் விழாதபடி சரிசெய்தார். கல்யாண வீட்டில் இதைவிட விசித்திரமான ஏற்பாடுகளைப் பார்த்தவர்.

நாகபூஷணம் குறிமேல் நின்றார். அவர் மனசில் அப்போது ஒன்றுதான் இருந்தது. "நா மோகாலு நொப்பிகா உந்தி," என்றார். முழங்கால் வலிக்கிறது.

டெபோரா அவர் முகத்தை மரியாதையாகப் பார்த்திருந்துவிட்டு முன்னால் திரும்பினாள்.

"பிரியமான பிள்ளைகளே," என்றாள். அந்த அறைக்கு அந்தக் குரல் பெரிதாக இருந்தது. "எனக்குத் தினமும் வலிக்கிறது. நான் சித்தூரிலிருந்து வேலூர் பஸ்ஸில் போகிறவள். பக்கத்து சீட்டில் இருப்பவரின் தோள் என்மேல் படும்போது எனக்கு வலிப்பதில்லை. அதே ஆள், அதே பலத்தோடு, முழங்கையை வைத்தால் வலிக்கிறது. ஏன்?"

நாகபூஷணத்தின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். கொஞ்சம் திகைத்தார். பிறகு, தைலத்தால் ஒரு பயனும் இல்லை, மலைக்கு நடந்து ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார், வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்று தெலுங்கில் நீளமாகச் சொன்னார். வலது கையால் படிகளைக் காட்டினார்.

டெபோரா கையை அதே மாதிரி, கொஞ்சம் தாழ்வாக உயர்த்தினாள். "தோள் அகலம். முழங்கை முனை. பலம் ஒன்றுதான், அது இறங்குகிற இடம்தான் சின்னதாகிவிட்டது. அகலமான இடத்தில் பரவிப்போனது முனையில் வந்து சேர்ந்துகொள்கிறது."

நாகபூஷணத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவு கவனமாக யாரும் அவர் முழங்காலைப் பற்றிக் கேட்டதில்லை. மருமகள் படிக்கட்டில்லாத வீடாகப் பார்க்கச் சொல்வதை எல்லாம் சொன்னார். டெபோரா அதையெல்லாம் லாரியில் அடுக்கிய மாம்பழப் பெட்டிகளாகவும், அடிப்பெட்டிப் பழம் ஏன் நசுங்குகிறது என்பதாகவும், அகலமான பெட்டி ஏன் நல்லது என்பதாகவும் சொல்லிக்கொண்டு போனாள். பேப்பர் எட்டுப் பக்கமும் நாற்காலிமேல் இருந்தது. அதில் மாம்பழமே கிடையாது.

நடுவில் ஒரு தடவை அவருக்குச் சந்தேகம் வந்தது. "அம்மா, நேனு பஸ்ஸு ஊசே எத்தலேதே," என்றார். பஸ் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லையே.

டெபோரா கேமராவைப் பார்த்தாள்.

"நான் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை," என்றாள்.

சொன்னபிறகுதான் அது மொழிபெயர்ப்பில்லை என்று உறைத்தது. நாகபூஷணம் தலையாட்டினார், மொழிபெயர்ப்பு சரி என்பதுபோல்.

பதினோரு நிமிஷம். ஒரே மூச்சு. நாகபூஷணம் ரேணிகுண்டாவுக்கு ஓடினார், முழங்கால் வலியோடு. மோகன்ராஜ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் குரலை எடுத்துப்போட்டார்.

"நீங்க கேக்கற எடத்தெல்லாம் வெட்டினா மூஞ்சி குதிக்குது மேடம். கொஞ்சம் கொஞ்சம் உட்டுடறேன். ஏதோ யோசிக்கறீங்கன்னு நெனச்சிக்குவாங்க."

வீடியோ ஆறு நிமிஷமாக வந்தது. பத்து நாள் கழித்துக் குறிப்பு வந்தது: "பாடம் தெளிவாக உள்ளது. குரல் நன்று. ஆசிரியை அடிக்கடி ஒரு பக்கமாகத் திரும்பி யாரையோ கவனிக்கிறார். காரணம் புரியவில்லை. ஏற்கப்பட்டது. வகுப்பில் முழுமையாக ஓட்டியபின் உறுதி செய்யப்படும்."

எத்திராஜ் அதை இரண்டு முறை படித்தார். "யாரு டீச்சரம்மா பக்கத்துல?" என்றார்.

"யாரும் இல்ல சார்."

"அது செரி. கடைசிவரைக்கும் ஓட்டுங்க. பாதில நிறுத்திட்டு உட்டுடாதீங்க, டிக்கு வராது."

மறுநாள் மூன்றாவது பீரியட். டெபோரா போனிலிருந்து நெட் கொடுத்தாள். பட்டனைத் தட்டிவிட்டு, சன்னல் பக்கம், டிவிக்கு இடப்பக்கமாக, அரை அடி பின்னால் போய் நின்றாள். திரையில் டெபோரா வந்தாள்.

"ஐ, டீச்சரு!" என்றது ஒரு குரல்.

"எனக்குத் தினமும் வலிக்கிறது," என்றது திரை. பழக்கத்தில் டெபோராவின் கட்டைவிரல் நிறுத்திவிட்டது. பதினோரு முகங்களும் டிவியிலிருந்து அவளிடம் திரும்பின. தமிழைத் தமிழில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று அவளும் நின்றாள்.

"அவங்க சொன்னதே புரிஞ்சுது டீச்சர்," என்றாள் யாமினி உதவியாக.

மறுபடி ஓடவிட்டாள். திரையிலிருந்தவள் தோளையும் முழங்கையையும் சொல்லிவிட்டு, "ஏன்?" என்று கேட்டு, கதவுப் பக்கம் திரும்பி மரியாதையோடு காத்திருந்தாள். அங்கே சுவரும் ஒரு துடைப்பமும்தான் இருந்தன. சீனு துடைப்பத்தைப் பார்த்தான்.

"டீச்சர், நீங்க தப்பான பக்கத்துல நிக்கறீங்க," என்றான். "அவங்க அந்தாண்ட பாக்கறாங்க. அந்தாண்ட போங்க."

யாரோ சிரித்தார்கள். டெபோரா சிரிக்கவில்லை. திரைக்குக் குறுக்கே நடந்து கதவுப் பக்கம் போனாள். துடைப்பத்தை நகர்த்திவிட்டு அங்கே நின்றாள். வாழ்க்கையில் அவள் அந்தப் பக்கம் நின்றதில்லை. அது பிரசங்கியார் நிற்கிற இடம்.

மாம்பழம் போயிற்று. பெட்டி போயிற்று. திரை, "நான் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை" என்றது. சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பியது. அந்த முகம் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கப்போகிற முகமாக இருந்தது. தன் முகம் மற்றவர்களுக்கு இப்படித் தெரியும் என்று டெபோரா நினைத்ததில்லை. இவ்வளவு பொறுமையான முகத்துக்கு முன்னால் சும்மா நிற்பது மரியாதையில்லை என்று பட்டது. கட்டைவிரலால் நிறுத்தினாள்.

வகுப்பும் காத்திருந்தது.

"அந்த ஆள் தினமும் ஏர்றான்," என்றாள். பந்தல் குரல் இல்லை, புத்தகக் குரலும் இல்லை. வீட்டில் குழம்புக்கு உப்பு பார்க்கும்போது வருகிற குரல். "கையை வைப்பான். நான் சன்னல் பக்கமா நகர்ந்துப்பேன். பதினெட்டு வருஷமா நகர்ந்துக்கிட்டிருக்கேன். நகர்ந்து நகர்ந்து எனக்கு இருக்கற எடம் இவ்ளோதான்." கையால் காட்டினாள். "அவன் அதே பலத்துலதான் வைக்கறான். இப்ப ரொம்ப வலிக்குது."

யாமினி எழுதவில்லை. பேனாவை மூடி வைத்திருந்தாள்.

"கைய எடுய்யான்னு சொல்றதுதான டீச்சர்?"

"சொல்லணும்."

"தெலுங்குல சொல்லுங்க டீச்சர்," என்றான் சீனு. "ஆபீசருன்னு நெனச்சி பயந்துடுவான்."

வகுப்பு சிரித்தது. இந்த முறை டெபோராவுக்கும் வந்துவிட்டது. "தமிழ்லயே சொல்றேன்," என்றாள். கட்டைவிரலைத் தட்டினாள். திரையிலிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டதுபோல் ஒரு தரம் தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பி, "ஆகையால் பிள்ளைகளே, பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும்" என்றாள்.

வீடியோ முடிந்தது. போனில் பச்சை டிக் வந்தது. கீழே சின்ன எழுத்தில், பார்த்த நேரம் ஆறு நிமிடம் என்றிருந்தது. எட்டாம் வகுப்பு தமிழ்ப் பிரிவு அடுத்த சுற்றறிக்கை வரும்வரை இருக்கும். டிவி கறுப்பாகியது.

மணியடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"டீச்சர்," என்றாள் யாமினி, "அவன் கைய எடுத்துட்டா, நீங்க பழைய எடத்துக்கு வந்துடுவீங்கல்ல, அப்ப அழுத்தம் எவ்ளோ கொறையும்னு கணக்கு போட முடியுமா?"

புத்தகம் சன்னல் பக்கத்து மேசையில் இருந்தது. அவள் போய் எடுக்கவில்லை.

"முதல்ல அளவு வேணும்," என்றாள். "பஸ் சீட்டோட அகலம் யாருக்குத் தெரியும்?"